யாரால் என்னும் வினா: மந்தநிலைப் பணியிழப்பும் அறப்பொறுப்பும் – ‘மகாநகர்’ திரைப்படத்தை முன்வைத்து

பொருளாதார மந்தநிலையில் ஒருவர் வேலை இழந்ததை உரைக்கும் வாக்கியங்களில் செய்தவரைக் காண்பது அரிது. ‘ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர்’, ‘ஆட்குறைப்பு நிகழ்ந்தது’, ‘வங்கி முறிந்தது’, ‘நிறுவனம் நலிவுற்றது’ என்றே நாளிதழ்களும் நிறுவன அறிக்கைகளும் எழுதுகின்றன. மழை பொய்த்தது, ஆறு வற்றியது என்பன போல இவையும் இயற்கை நிகழ்வுகளாக ஒலிக்கின்றன. நீக்கியவர் யார், நீக்குமாறு ஏவியவர் யார், நீக்கத்தால் பயன் பெற்றவர் யார் என்னும் வினாக்களுக்கு இவ்வாக்கியங்கள் இடம் தருவதில்லை. இடம் தராதிருக்கும் பொருட்டே இவ்வாறு அமைக்கப்படுகின்றன என்று கருதவும் வாய்ப்புண்டு.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இவ்வழக்குப் புதிதன்று. செயப்படுபொருளையே செய்தது போலக் கூறும் மரபைத் தொல்காப்பியர் வினையியலில் ஏற்றுக்கொள்கிறார். திண்ணையை ஒருவர் மெழுகியிருக்க, திண்ணையே மெழுகியது போலப் பேசுவதை உரையாசிரியர்கள் இதற்குச் சான்றாகத் தருவர். திண்ணையைப் பொறுத்தவரை இதனால் எவர்க்கும் தீங்கில்லை. ஆனால் அவரே வேற்றுமை மயங்கியலில், ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டிய முதனிலைகள் எட்டு என்று வகுக்கும்போது, செய்வதனையும் காலத்தையும் கருவியையும் தனித்தனியே வைத்து எண்ணுகிறார். இன்னதற்கு, இது பயனாக என்னும் இரண்டும் அவ்வெட்டனுள் அடங்கும். இப்பகுப்பு வேற்றுமைப் பொருண்மையை விளக்க எழுந்ததே அன்றி அறவியலுக்காக எழுந்ததன்று. எனினும் ஒரு செயலுக்குப் பொறுப்பாளர் யார் என்று ஆராய்வோர்க்கு இதனினும் தெளிவான கருவி எளிதில் கிட்டாது. மந்தநிலை என்பது காலம். அது செய்வது அன்று. பணியிழப்புக் குறித்த இன்றைய மொழியோ காலத்தைச் செய்வதன் இருக்கையில் அமர்த்திவிடுகிறது. காலம் கெட்டுவிட்டது என்று கூறிய பின்னர் எவரையும் நோக்கி வினாத் தொடுக்க இயலாது.

இம்மயக்கத்தைத் தெளிந்து காண்பதற்குச் சத்யஜித் ராய் இயக்கிய ‘மகாநகர்’ (1963) என்னும் வங்காளத் திரைப்படம் பெரிதும் துணை செய்கிறது. இக்கட்டுரை அப்படத்தை ஒரு பனுவலாகக் கொண்டு, பணியிழப்பில் பொறுப்பு எங்கே தங்குகிறது என்பதையும், பிறர் ஒருவரின் பணியிழப்பைக் கண்ணுற்றவருக்கு என்ன கடமை உண்டு என்பதையும் ஆராய்கிறது. திரைக்கலை நுட்பங்கள் இதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

ஒரு வீட்டில் இரு பணியிழப்புகள்

‘மகாநகர்’ நரேந்திரநாத் மித்ராவின் ‘அவதரணிகா’ என்னும் சிறுகதையைத் தழுவியது. 1964ஆம் ஆண்டுப் பெர்லின் திரைப்பட விழாவில் இப்படத்திற்காக ராய் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி விருதைப் பெற்றார். நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி வேலைக்குச் செல்வதைப் பற்றிய படம் என்றே இது பெரும்பாலும் பேசப்பட்டுள்ளது. அப்பார்வை தவறன்று. ஆயினும் படத்தின் பிற்பகுதியை நடத்திச் செல்வது வேலை பெறுதல் அன்று, வேலை இழத்தலே என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

சுப்ரத் ஒரு வங்கி ஊழியன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியரான தந்தை பிரியகோபால், தாய், படிக்கும் தங்கை பாணி, சிறுவன் பிண்ட்டு ஆகியோரை அவனுடைய ஒரு சம்பளத்தால் காக்க இயலவில்லை. மனைவி ஆரதி, பின்னல் எந்திரங்களை வீடுவீடாகச் சென்று விற்கும் பணியில் சேர்கிறாள். மாமனார் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொள்கிறார். தம் பழைய மாணவர்களைத் தேடிச் சென்று உதவி கேட்கத் தொடங்குகிறார். மருமகள் ஊதியத்தை ஏற்பதைக் காட்டிலும் மாணவர்களின் கொடையை ஏற்பது மானத்திற்கு இழுக்கன்று என்று அம்முதியவர் எண்ணுவது தனியே ஆராய்வதற்குரியது. சுப்ரத்துக்கும் மனைவியின் வெளியுலகம் நாளடைவில் உறுத்துகிறது. பணி விலகல் கடிதம் ஒன்றை அவனே எழுதித் தருகிறான். ஆரதி அதனை மேலாளரிடம் கொடுக்கவிருக்கும் நேரத்தில் தொலைபேசியில் அழைத்துத் தடுக்கிறான். அன்று காலை அவனுடைய வங்கி முறிந்துவிட்டது. பணம் போட்டவர்கள் வாயிலில் திரண்டு நிற்கின்றனர்.

இது முதல் பணியிழப்பு. இரண்டாவது, ஆரதியின் அலுவலகத்தில் நிகழ்கிறது. அவளுடன் பணிபுரியும் ஆங்கிலோ இந்தியப் பெண் ஈடித், சில நாள் உடல்நலமின்றி வராதிருந்து திரும்பியபோது, மேலாளர் முகர்ஜி அவளை நீக்கிவிடுகிறார். அவள் நோயுற்றிருந்ததை அவர் நம்பவில்லை. அவளுடைய ஒழுக்கத்தின்மீதும் ஐயம் படரவிட்டுப் பேசுகிறார். ஈடித்திடம் மன்னிப்புக் கேட்குமாறு ஆரதி வற்புறுத்துகிறாள். அவர் மறுக்கிறார். கணவன் முன்பு எழுதித் தந்து, கொடுக்கப்படாமல் அவளிடமே தங்கிவிட்ட அதே கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு ஆரதி வெளியேறுகிறாள்.

இவ்விரண்டு இழப்புகளையும் ராய் அருகருகே வைத்திருப்பதன் பொருள் யாது? ஒன்றில் செய்தவர் எவரும் கண்ணுக்குப் புலப்படவில்லை. மற்றொன்றில் செய்தவர் மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கிறார். வங்கி முறிந்ததற்காகச் சுப்ரத் எவரிடமும் சென்று நீதி கேட்கவில்லை. படுக்கையில் அமர்ந்து நாளிதழின் வேலை விளம்பரங்களைப் பார்க்கிறான். தனக்கு நேர்ந்ததைக் காலத்தின் செயலாக அவன் ஏற்றுக்கொள்கிறான். ஆரதி ஈடித்துக்கு நேர்ந்ததை அவ்வாறு ஏற்க மறுக்கிறாள். தனக்கு நேரும்போது விதியென்று தோன்றுவது, பிறருக்கு நேரும்போது அநீதியென்று தோன்றக்கூடும் என்பது மனித மனத்தின் வழக்கத்திற்கு மாறானது. பொதுவாக நாம் இதற்கு நேர் எதிராகவே நடந்துகொள்கிறோம்.

வங்கி தானே முறியுமா?

வங்கி முறிவைச் செய்தவர் அற்ற நிகழ்வாகச் சுப்ரத் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதை இங்கு நோக்குதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரையும் தேசப் பிரிவினையையும் அடுத்த ஆண்டுகளில் வங்காளத்தில் பல வங்கிகள் நொடித்தன. 1950இல் நான்கு வங்காள வங்கிகளை இணைத்தே யுனைடெட் பாங்க் ஆப் இந்தியா உருவாக்கப்பட்டது. சென்னை மாகாணத்தவர்க்கு இவ்வனுபவம் அதற்கும் முற்பட்டது. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது எண்ணற்ற குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அம்முறிவின் விளைவாகவே வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. அர்பத்நாட் முறிவு காலத்தின் கோலம் என்று விடப்படவில்லை என்பதே நமக்கு இன்றியமையாதது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. புயலென்று தோன்றியதற்குள் ஒரு மனிதர் இருந்தார் என்பதை நீதிமன்றம் கண்டு கூறியது.

பிற்காலத்தில் இத்தகைய முறிவுகளுக்குச் சட்டம் விடை காண முயன்றது. 1960இல் பாலை சென்ட்ரல் வங்கியும் லட்சுமி வங்கியும் வீழ்ந்ததையடுத்து, 1962 சனவரி முதல் நாள் வைப்பீட்டுக் காப்புறுதிக் கழகம் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரையிலான வைப்புத்தொகைக்குக் காப்பு இருந்தது. 2020 பிப்ரவரியில் அது ஐந்து இலட்சமாக உயர்ந்தது. ‘மகாநகர்’ திரையிடப்பட்ட காலத்தில், வாயிலில் திரண்ட கூட்டத்திற்கு இவ்வகையில் ஒரு சிறு காப்பு வந்துவிட்டது. வாயிலுக்கு உட்புறம் அமர்ந்திருந்த ஊழியனின் நிலை வேறு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் செய்யப்பட்ட திருத்தம், ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளிக்கு ஒரு மாத அறிவிப்பையும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியத்தையும் உரிமையாக்கியது. பணத்தை இட்டவனுக்குக் காப்புறுதியும் வாழ்நாளை இட்டவனுக்கு இழப்பீடும் என்ற இப்பாகுபாட்டை எவரும் திட்டமிட்டு வகுத்ததாகத் தோன்றவில்லை. ஆயினும் ஒரு சமூகம் எவ்விழப்பை முதன்மையாகக் கருதுகிறது என்பதை அது காட்டவே செய்கிறது.

முகர்ஜி தீயவரா?

படத்தில் மிகுந்த கவனத்துடன் படைக்கப்பட்டிருப்பவர் முகர்ஜி. அவர் கொடியவர் அல்லர். ஆரதியின் உழைப்பை மதிக்கிறார்; அவளுக்கு உயர்வு தரவும் முனைகிறார். சுப்ரத் அவரைக் காணவரும்போது, இருவரும் கிழக்கு வங்கத்துப் பாப்னா மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பது தெரியவர, அவனுக்கு வேலை தேடித் தருவதாக வாக்களிக்கிறார். சொந்த ஊரை இழந்த ஒருவர் அதே ஊரை இழந்த இன்னொருவர்மீது கொள்ளும் பரிவு அது. போலித்தனம் சிறிதும் இல்லாதது.

ஆனால் ஈடித்துக்கு அவர் இழைத்த அநீதியும் இதே ஊற்றிலிருந்தே பிறக்கிறது. தம்மவர் என்பதனால் சுப்ரத்மீது பரிவு சுரக்கும் நெஞ்சம், தம்மவள் அல்லள் என்பதனால் ஈடித்மீது ஐயம் கொள்கிறது. வள்ளுவத்தில் கண்ணோட்டத்திற்கும் நடுவு நிலைமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் இருப்பதன் காரணம் இங்கு விளங்குகிறது. நடுவு நிலைமை (அதி. 12) இல்லறவியலில் வைக்கப்பட்டது, கண்ணோட்டம் (அதி. 58) அரசியலில் வைக்கப்பட்டது. ஆளுவோனுக்குரிய கண்ணோட்டம் கருமத்தைச் சிதைக்காததாக இருத்தல் வேண்டும் என்னும் வரையறையையும் வள்ளுவர் இடுகிறார். நடுவு நிலைமை செல்லவேண்டிய பகுதிகளைப் பரிமேலழகர் பகை, நொதுமல், நட்பு என மூன்றாகப் பிரிப்பார். பகைவனிடம் நீதி தவறாதிருப்பது கடினம் என்றும் நண்பனிடம் சாயாதிருப்பது கடினம் என்றும் பலரும் பேசியுள்ளனர். நொதுமலாளரைப் பற்றிப் பேசியவர் குறைவு. ஈடித் முகர்ஜிக்குப் பகையும் அல்லள், நட்பும் அல்லள். அவள் நொதுமல். பணி நீக்கத்தின் முதல் அடி பெரும்பாலும் நொதுமலாளர்மீதே விழுகிறது என்பதை அலுவலக வாழ்க்கையை அறிந்தோர் மறுக்கமாட்டார்கள். அவளை நீக்கினால் வருந்துவோர் அங்கு எவரும் இலர் என்று முகர்ஜி கணக்கிட்டிருக்கக்கூடும். உதட்டுச் சாயம் ஒன்றைப் பரிசளித்த அளவில் அமைந்த எளிய தோழமை, அக்கணக்கைப் பொய்யாக்கிவிடுகிறது.

ஆரதி செய்தது சரியா?

இவ்வினாவை எளிதாக விடுத்துச் செல்ல இயலாது. ஆரதிக்கு எதிரான வாதங்கள் வலிமையானவை. அவள் விலகியதனால் ஈடித்துக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அறுவர் கொண்ட குடும்பத்திற்கு இருந்த ஒரே வருமானமும் நின்றது. முகர்ஜி வாக்களித்திருந்த வேலையும் சுப்ரத்துக்குக் கைநழுவிப் போகும். எவரிடமும் கலந்து பேசாமல், பிறர் உணவைப் பணயமாக வைத்து, தன் நெஞ்சத்தின் தூய்மையை அவள் காத்துக்கொண்டாள் என்று ஒருவர் வாதிடலாம். இல்வாழ்வான் பலருக்கும் துணையாதல் வேண்டும் என்னும் நம் மரபு, இவ்வாதத்திற்கே துணைநிற்பது போலத் தோன்றும். தன் நெறிக்காகத் தான் பட்டினி கிடப்பது ஒன்று. பிண்ட்டுவைப் பட்டினி போடுவது வேறொன்று.

இவ்வாதத்தின் குறை, ஆரதி பணியில் தொடர்ந்திருப்பதை ஒன்றும் செய்யாதிருத்தல் என்று அது கருதுவதில் உள்ளது. உண்மையில் அவள் தொடர்ந்திருந்தால் ஈடித்தின் பணியும் பொறுப்பும் அவளிடம் வந்துசேரும். சுப்ரத்துக்குக் கிடைக்கும் வேலை, அவள் காத்த மௌனத்தின் விலையாகிவிடும். அதாவது, அநீதியைத் தடுக்க இயலாத பார்வையாளர் என்ற நிலையிலிருந்து, அநீதியின் பயனை நுகர்பவர் என்ற நிலைக்கு அவள் மாறிவிடுவாள். முன்னர்ச் சுட்டிய எட்டு முதனிலைகளின் மொழியில் கூறுவதாயின், அவள் கருவியாகவும் ‘இன்னதற்கு’ என்பதாகவும் ஒருங்கே ஆக்கப்படுகிறாள். தடுக்க இயலாமைக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டியதில்லை. பயனைப் பெற்றுக்கொள்வதற்குப் பொறுப்பு உண்டு. கடிதத்தைக் கொடுத்ததனால் ஈடித்தைக் காக்க முடியவில்லை என்பது மெய்யே. ஆனால் அவள் மறுத்தது ஈடித்தின் இழப்பிலிருந்து தனக்கு வரவிருந்த பங்கையே ஆகும். அவள் செய்தது சரி என்பதே என் கருத்து. அதனை அனைவர்க்கும் உரிய கடமையாக விதிக்க இயலாது என்பதும் உடன் கூறத்தக்கது. நோயுற்ற குழந்தையின் மருந்துக்கு அந்த ஊதியத்தையே நம்பியிருக்கும் ஒருத்தி வாய்மூடி இருந்தால், அவளைக் குறைகூற எவருக்கும் தகுதியில்லை.

படத்தின்மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இறுதிக் காட்சி கணவன் மனைவி இருவருக்கும் உரியது. அவர்கள் மீண்டும் ஒருவரையொருவர் கண்டுகொள்கின்றனர். இவ்வளவு பெரிய நகரத்தில் இருவருள் ஒருவருக்கேனும் வேலை கிடைக்காதா என்னும் நம்பிக்கையோடு கூட்டத்தில் கலக்கின்றனர். ஈடித் அங்கு இல்லை. யார்பொருட்டு அந்த வேலை துறக்கப்பட்டதோ அவள் அந்த நம்பிக்கையில் சேர்க்கப்படவில்லை. நொதுமலாளர் கதையிலும் நொதுமலாளராகவே விடப்படுகிறார்.

குறுந்தொகையின் 135ஆம் பாடலை இவ்விடத்து நினைவுகூர்தல் பொருந்தும். வினையை ஆடவர்க்கு உயிராகவும், மனையுறை மகளிர்க்கு ஆடவரை உயிராகவும் கூறும் அப்பாடல், பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பெயரால் வழங்குவது. அதன் முற்பகுதி தமிழ்ச் சமூகத்தின் தொழிற்பிரிவினைக்கு வாய்பாடாகவே பலராலும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் பாடலில் அது தலைவன் முன்பொருகால் கூறியதாகத் தோழி கொண்டெடுத்து மொழிவது. அவ்வாறு கூறியவரே இப்போது செலவைத் தவிர்ப்பார் என்று தலைவியைத் தேற்றவே அவள் அதனை நினைவூட்டுகிறாள். ஆகவே வினையினும் உறவு பெரிதாகும் தருணத்தைப் பற்றிய பாடல் அது. வாய்பாடு தகர்வதைக் கூறும் பாடலை வாய்பாடாகவே நாம் மேற்கோள் காட்டி வந்திருக்கிறோம். ‘மகாநகர்’ வினையிழந்த ஆடவனையும் வினை பெற்ற மனையாளையும் ஒரே கூரையின்கீழ் வைக்கிறது. தேநீர் மேசையொன்றில் தன் கணவன் சொந்தமாக வணிகம் செய்வதாக ஆரதி ஓர் அறிமுகமானவரிடம் பொய் கூறுகிறாள். நாளிதழுக்குப் பின்னே மறைந்து அமர்ந்திருக்கும் சுப்ரத் அதனைக் கேட்க நேர்கிறது. அவனுடைய வினை போயிருக்கலாம். உயிரைப் போகவிடாமல் அவள் காக்கிறாள்.

ஏவியவரும் இயற்றியவரும்

எட்டாண்டுகளுக்குப் பின், 1971இல் வெளிவந்த ‘சீமாபத்தா’வில், ராய் முகர்ஜியின் இருக்கைக்கு மேலும் பல தளங்கள் உயரே ஏறிச் செல்கிறார். சங்கரின் புதினத்தைத் தழுவிய அப்படத்தின் தலைவன் சியாமலேந்து, மின்விசிறி உற்பத்தி செய்யும் ஒரு நிறுவனத்தின் விற்பனை மேலாளன். ஈராக்குக்கு அனுப்பவேண்டிய விசிறிகளில் குறை இருப்பது இறுதி நேரத்தில் தெரியவருகிறது. காலந்தாழ்ந்தால் நிறுவனத்திற்கு இழப்பும் இழுக்கும் நேரும். தொழிலாளர் நலன் பேண வேண்டிய அதிகாரியோடு கலந்து, தொழிற்சாலையில் கலவரம் மூளவும் கதவடைப்பு நேரவும் அவன் வழிசெய்கிறான். கதவடைப்பைக் காரணம் காட்டி ஒப்பந்தச் சிக்கலிலிருந்து நிறுவனம் தப்புகிறது. காவலாளி ஒருவர் காயமுறுகிறார். சியாமலேந்து இயக்குநர் ஆகிறான்.

கோயிலை அரசன் கட்டினான் என்றாலும் தச்சன் கட்டினான் என்றாலும் இரண்டும் மெய்யே எனக் கொண்டு, முன்னவனை ஏவுதற் கருத்தா எனவும் பின்னவனை இயற்றுதற் கருத்தா எனவும் நன்னூல் உரைமரபு பிரித்துக் காட்டும். கோயில் கட்டியதற்கான புகழ் அரசனைச் சேரும். கல்வெட்டில் பெயர் அவனுடையதாகவே இருக்கும். தீச்செயலில் இது தலைகீழாகிறது. ஏவியவன் பெயர் எங்கும் பதிவதில்லை; இயற்றியவன் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறான். கதவடைப்பு நாள்களில் கூலியிழந்த தொழிலாளி, கல் எறிந்தவன் யார் என்பதை மட்டுமே அறிவான்.

சதுப்பு நிலத்தின்மேல் ஐந்தாம் பகுதி

‘மகாநகர்’ உருவான அதே ஆண்டுகளில் கொல்கத்தாவின் கிழக்கே மற்றொரு பெருஞ்செயல் நடந்துகொண்டிருந்தது. 1962இல் ஹூக்ளி ஆற்றின் வண்டல் நீரோடு கலந்து குழாய் வழியே கொணரப்பட்டு, உப்பு ஏரிகள் எனப்பட்ட சதுப்பு நிலத்தில் கொட்டப்படலாயிற்று. முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் திட்டம் அது. யுகோசுலாவியக் கட்டடக் கலைஞர் தோப்ரிவோயே தோஷ்கோவிச் நகரமைப்பை வகுத்தார். அதிகாரப்பூர்வமாகப் பிதான்நகர் எனப்பட்டாலும் சால்ட் லேக் என்பதே மக்கள் வழக்கில் நிலைத்தது. ஏரி நகராயிற்று என்று ஒரே தொடரில் இவ்வரலாற்றைக் கூறிவிடலாம். செயப்படுபொருள் செய்தது போல நின்ற தொடரே இதுவும். அந்நீர்ப்பரப்பில் மீன் வளர்த்தும் பிடித்தும் வாழ்ந்தோர் தொழில் இழந்ததை எவரும் பணியிழப்பு என்று பெயரிட்டு அழைத்ததில்லை. எஞ்சிய ஈரநிலங்களுக்கு 2002இல் ராம்சர் தகுதி கிடைத்தது.

அந்நகரின் ஐந்தாம் பகுதி, மின்னணுத் தொழிலுக்கென ஒதுக்கப்பட்டுப் பின்னர்த் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் நிலைக்களம் ஆனது. ஆரதியின் பேரப்பிள்ளைகள் பணிபுரியும் இடம் என்று அதனைக் கருதலாம். 2006இல் சி.ஐ.டி.யு. சார்பில் இத்துறைப் பணியாளர்க்கெனச் சங்கம் அமைக்கப்பட்டபோது, இவர்களுக்குச் சங்கம் எதற்கு என்னும் வியப்பே மேலோங்கியது. இரண்டாண்டுகளில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தது. உலகெங்கும் மந்தநிலை பரவியது. ஆதித்ய விக்ரம் சென்குப்தாவின் ‘ஆஷா ஜாவோர் மாஜே’ (2014) அத்தகைய மந்தநிலைக் காலத்துக் கொல்கத்தாவைக் காட்டுகிறது. கணவன் இரவுப் பணிக்கும் மனைவி பகற்பணிக்கும் செல்கின்றனர்; ஒருவரையொருவர் காண்பது சில நொடிகள். மந்தநிலை அப்படத்தில் பின்னணி ஒலியாக மட்டுமே நுழைகிறது. நீக்கும் எவருடைய முகமும் இல்லை. உரையாடல் ஏறத்தாழ இல்லாத அப்படத்தில் வினவுவதற்கு எவரும் எஞ்சவில்லை என்பதே அச்சத்தைத் தருகிறது.

செய்வதன் இருக்கை வெறுமையாகக் கிடக்கும்போது அதில் தவறான ஒருவரை அமர்த்தும் நிலையும் உண்டு. ராம் இயக்கிய ‘கற்றது தமிழ்’ (2007) தமிழ்த்துறையினர்க்கு நெருக்கமான சான்று. தமிழில் முதுகலைப் பட்டம் பெற்ற பிரபாகரின் சினம், அவனைப் போன்றே ஊதியம் பெறும் ஓர் இளைஞன்மீது, அவ்வூதியம் பன்மடங்கு என்பதற்காகப் பாய்கிறது. அவ்விளைஞனும் அடுத்த ஆண்டே நீக்கப்படக்கூடியவன் என்பது 2008இல் தெளிவாயிற்று. அப்படம் எழுப்பிய வேதனை மெய்யானது. அது சுட்டிய கருத்தா மெய்யானவன் அல்லன்.

இன்றைய அலுவலகங்களில் நீக்கத்தின் இலக்கணம் மேலும் ஒரு படி மாறியிருக்கிறது. தர மதிப்பீட்டில் கடைநிலையில் வைக்கப்பட்டவரை அழைத்து, தாமே விலகுவதாக எழுதித் தருமாறு கூறும் முறை தகவல் தொழில்நுட்பத் துறையில் பலகாலும் முறையீட்டுக்கு உள்ளாகியுள்ளது. அவ்வாறு எழுதித் தந்தால் அடுத்த வேலைக்கு வேண்டிய சான்றிதழ் தடையின்றிக் கிடைக்கும். மறுத்தால் நீக்கப்பட்டவர் என்னும் குறிப்பு ஆவணத்தில் ஏறும். ‘நீக்கப்பட்டார்’ என்னும் செயப்பாட்டு வினையில் செய்தவர் மறைந்திருந்தாலும், ‘யாரால்’ என்று வினவ இடம் இருந்தது. ‘விலகினார்’ என்னும் தன்வினையில் அவ்விடமும் அடைபடுகிறது. இழந்தவரே எழுவாய் ஆகிறார். ஆரதி மேசைமீது வைத்த கடிதம் எதிர்ப்பின் கருவியாக இருந்தது. அதே வடிவமுள்ள கடிதம் இன்று நீக்குவோரின் கருவியாகிவிட்டது. அவள் செய்ததை இன்று ஒருத்தி செய்தாலும் நிறுவனத்தின் கணக்கில் அது மற்றொரு விலகலாகவே பதிவாகும். ஆட்குறைப்பு இலக்கை எட்ட அதுவும் துணைசெய்யும். தனியொருவரின் துறவு, அதனை எதிர்ப்பாக ஏற்றுக்கொள்ளும் ஒரு முகம் எதிரே இருந்தால் மட்டுமே பொருள்படும்.

இந்நிலையில் வினாவை எழுப்பும் வேறு வழிகளைத் தமிழகத்தில் சிலர் தேடியுள்ளனர். 2014 இறுதியில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தில் நிகழ்ந்த நீக்கங்களையடுத்து, சென்னையில் பணிபுரிந்த பெண் ஊழியர் ஒருவர் உயர் நீதிமன்றத்தை அணுகினார். அப்போது அவர் கருவுற்றிருந்தார். அவரை நீக்கிய ஆணைக்கு 2015 சனவரியில் இடைக்காலத் தடை வழங்கப்பட்டது. மனுவில் எதிர்மனுதாரர் என்று ஒருவர் பெயரை எழுதியே ஆகவேண்டும். காலத்தையோ மந்தநிலையையோ எதிர்மனுதாரராகச் சேர்க்க வழியில்லை. தொழில் தகராறுச் சட்டம் கூறும் தொழிலாளி என்னும் சொல், கணினி முன் அமர்ந்து பணிபுரிபவரைக் குறிக்குமா என்பதே அவ்வழக்கின் உட்கிடையான வினா. நிறுவனம் நீக்க ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டமையால், அப்பெண்ணுக்கு வேலை மீண்டது. அவ்வினா அவ்வழக்கில் விடை பெறவில்லை. தகவல் தொழில்நுட்பத் துறையினர் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. அதற்கும் தொழிற்சங்கம் ஒன்று நீதிமன்றம் வரை செல்லவேண்டியிருந்தது.